நூலாக நெய்யப்படும் பற்றரி

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் அப்பா வானொலிச் செய்தி கேட்பார். பெடலைச் சுற்றுவது என் வேலை. என் கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும். இன்றும் மின்சாரத்தைச் சேமிப்பது பற்றி எதைக் கண்டாலும் நின்று வாசிப்பேன். அப்படி வாசித்ததுதான் துணியாக நெய்யக்கூடிய பற்றரி பற்றிய ஆய்வு.

சீனாவின் ஷங்ஹாயிலுள்ள புடான் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் பெங் ஹுய்ஷெங்கின் குழு 2021இல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டது. கைத்தொலைபேசியில் உள்ள அதே லித்தியம் அயன் பற்றரிதான். வடிவம் மட்டும் வேறு. ஒரு மெல்லிய கம்பியில் லித்தியம் கோபால்ட் ஒட்சைட்டும் மற்றையதில் காரீயமும் பூசுகிறார்கள். இரண்டும் நேரடியாகத் தொடாதபடி இடையில் பிரிப்பான் வைத்து முறுக்கி, மெல்லிய குழாய்க்குள் செலுத்தி, மின்பகுதிரவம் நிரப்பி அடைக்கிறார்கள்.

இழை நீண்டால் உள்தடை கூடும் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். அதனால் முன்பு சில சென்றிமீற்றர் துண்டுகளே செய்யப்பட்டன. உண்மையில் நீளம் கூடக்கூட உள்தடை குறைந்து, பின் ஒரு நிலையில் நிற்கிறது என்று இந்தக் குழு கண்டது. அதன்பின் மீற்றர் கணக்கில் செய்ய முடிந்தது. 100,000 தடவை வளைத்த பின்னும் 80 வீதத்துக்கு மேல் கொள்ளளவு எஞ்சியது. தொழிற்சாலைத் தறியில் நெய்த துணியால் கைத்தொலைபேசிக்குக் கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்றியும் காட்டினார்கள்.

உடம்போடு ஒட்டியிருக்கும் பொருளில் திரவம் கசிந்தால் ஆபத்து. ஆகவே 2024இல் அதே குழு திரவத்துக்குப் பதிலாக ஜெல்லைப் பயன்படுத்தியது. ஜெல் நன்றாக ஊறிப் பிடிப்பதற்காக மின்வாய்களில் நுண்ணிய கால்வாய்களை அமைத்தார்கள். 2021இல் கிலோவுக்கு 85.69 வாற்று மணியாக இருந்த சேமிப்பு, ஏறக்குறைய 128 ஆகியது. கைத்தொலைபேசிப் பற்றரியில் இது 200ஐத் தாண்டும். நூல் இன்னும் பின்னால்தான் நிற்கிறது.

போரில் முழங்கைக்குக் கீழே இழந்த அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். மின்னணுச் செயற்கைக் கை பற்றரியில்தான் இயங்கும் என்பது அவருக்குத் தெரியும். "பாரம் குறையுமோ? தோய்க்கலாமோ? என்ன விலை வரும்?" என்று கேட்டார்.

அந்த ஆய்வில் செயற்கைக் கை இல்லை. ஆனாலும் அவருடைய கேள்விகள் சரியானவை. மொத்தப் பாரம் இப்போதைக்குக் குறையாது. ஆனால் ஓரிடத்தில் தொங்கும் பாரத்தைச் சட்டை முழுவதும் பரப்பலாம். துணியைத் தோய்க்கலாம் என்கிறது ஆய்வு. விலை, அது ஆய்வுகூடத்தைத் தாண்டிக் கடைக்கு வரும்போதுதான் தெரியும். அக்காவுக்கு முக்கியமான கேள்வி அதுதான்.