இழப்புக்குப் பின் வரும் கர்ப்பம்: பயத்தோடு மாதங்களைக் கடப்பது எப்படி?

கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் கேட்கப்படும் முதற் கேள்விகளில் ஒன்று, "இது எத்தனையாவது?" என்பது. பிள்ளையை இழந்த தாய்க்கு அது லேசான கேள்வியல்ல. "இரண்டாவது" என்றால், மூத்த பிள்ளை எங்கே என்பது அடுத்து வரும். அந்த வாங்கில் இருந்துகொண்டு பதில் சொல்ல வாய் வராத ஒரு நாள் எனக்கும் இருந்தது. காத்தான்குடி, ஏறாவூர் என்று நமது வாவிக் கரை ஊர்களில் இன்று அதே வாங்கில் இருக்கும் சகோதரிகளுக்காகவும், அவர்களது வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

யார் குற்றம்?

தெரியவந்த கர்ப்பங்களில் ஏறத்தாழ 10இல் ஒன்று கருச்சிதைவில் முடிகிறது. முதல் மூன்று மாதங்களில் நிகழ்பவற்றில் சுமார் பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே ஏற்படும் நிறமூர்த்தக் கோளாறு. உடுப்புக் கழுவியதோ, படி ஏறியதோ, பாடசாலைக்குப் போனதோ அதற்குக் காரணமல்ல. "நீ என்ன செய்தாய்?" என்று கேட்கும் மாமிமாரும் மச்சிமாரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

பயம் ஈமானின் குறைவா?

இல்லை. தன் மகன் இப்ராஹீம் மௌத்தானபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின. மூஸா (அலை) அவர்களின் தாய்க்கு, பிள்ளையைத் திருப்பித் தருவதாக அல்லாஹ்வே வாக்களித்திருந்தான். அப்படியிருந்தும் பிள்ளையை ஆற்றில் விட்டபின் அவரது உள்ளம் வெறுமையானதைக் குர்ஆன் சொல்கிறது. அவர் மகளை அனுப்பி, பிள்ளை போகும் திசையைப் பார்க்கவும் சொன்னார். ஆற்றை அவரால் நிறுத்த முடியவில்லை. கண்காணிக்க முடிந்தது, அதைச் செய்தார். தவக்குல் என்பதும் இதுதான்.

நம் கையில் உள்ளவை

• முன்னைய இழப்பை, அது எத்தனையாவது வாரத்தில் நடந்தது என்பதோடு, மிட்வைப்பிடமும் வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய அறிக்கைகளையும் கொண்டு செல்லுங்கள்.

• போலிக் அமிலம், இரத்த அழுத்தம், சீனிப் பரிசோதனை எதையும் தவறவிடாதீர்கள்.

• பிள்ளையின் அசைவு பொதுவாக 16 முதல் 20 வாரங்களுக்குள் தெரியவரும். 28 வாரத்துக்குப் பின் அதன் வழக்கத்தை அறிந்துகொள்ளுங்கள். மாதம் நெருங்க அசைவு குறையும் என்று பெரியவர்கள் சொல்வது சரியல்ல. குறைந்ததாகத் தோன்றினால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். வீண் அலைச்சலானாலும் பரவாயில்லை.

• 28 வாரத்துக்குப் பின் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. மல்லாந்த நிலையில் விழித்தால் பதறாமல் திரும்பிப் படுங்கள்.

• இரவில் எந்த வாகனம், யார் கூட வருவார் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவை இலவசமானது.

• ஒன்பது மாதத்தையும் ஒரேயடியாக நினைக்காதீர்கள். அடுத்த கிளினிக் திகதி வரை மட்டும் நினையுங்கள். முன்பு இழந்த அந்த வாரம் வரும்போது பயம் கூடும். அந்த நாட்களில் உம்மாவையோ ராத்தாவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயத்தால் இரண்டு வாரமாக உறக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், அது வைத்தியம் தேவைப்படும் நிலை. கிளினிக்கில் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வீட்டாருக்கு

"அடுத்தது வருகிறதுதானே, பழையதை மற" என்று சொல்லாதீர்கள். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இந்தக் கரையிலும் இருக்கிறார்கள், நாகப்பட்டினத்திலும் இருக்கிறார்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்திருந்தவர்கள் மீண்டும் கருத்தரிக்கத் தமிழ்நாட்டு அரசு சிகிச்சைக்கு உதவியது. அதன்பின் பிறந்த பிள்ளை எவ்வளவு பெரிய நிஃமத்தாக இருந்தாலும், போன பிள்ளையின் இடம் அதனுடையதுதான்.

கர்ப்பச் செய்தியை எப்போது சொல்வது, குழந்தை உடுப்பை எப்போது வாங்குவது என்பதை அவளிடமே விடுங்கள். பல முடிவுகள் அவள் கையை மீறிப் போயிருக்கும் காலத்தில் இவையாவது அவளுடையதாக இருக்கட்டும். கணவர்மாரே, ஸ்கேன் அறை வாசல்வரை கூடப் போங்கள். இழந்தது உங்கள் பிள்ளையும்தான்; உங்களுக்கும் பயம் இருக்கிறது என்று அவளிடம் சொல்வதில் வெட்கமில்லை.