சென்னைப் பாதாளச் சாக்கடை

சென்னை வீடுகளின் கழிவுநீரைத் நிலத்தடிக் குழாய்களில் திரட்டிச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கொண்டுசெல்லும் அமைப்பு. இதைப் பேணுவது 1978-ல் தனிச் சட்டத்தின்கீழ் தொடங்கப்பட்ட குடிநீர் வழங்கல், கழிவுநீரகற்று வாரியம். மக்கள் வழக்கில் ‘மெட்ரோ வாட்டர்’.

குழாய் வருமுன் எடுப்புக் கக்கூஸ்களே இருந்தன. அவற்றின் மலத்தைக் கூடையிலும் வாளியிலும் அள்ளிச் சுமந்தவர்கள் பட்டியல் சாதியினர். முழு நகருக்குமான பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910-ல் உருவானது. 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பிலோ மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1976-ல் 25.5 லட்சம் பேர் என்ற கணக்கில் 1958-ல் திட்டம் திருத்தப்பட்டது. 1981-க்குள் நகரம் அதையும் கடந்து 32 லட்சமாகியிருந்தது.

சென்னை கடலோரச் சமவெளி. சரிவு போதாததால் கழிவுநீர் தானாக வெகுதூரம் ஓடாது. இடையிடையே கிணறுகளில் சேர்த்து மோட்டாரால் ஏற்றியாக வேண்டும். ஓட்டம் மெதுவானால் மணலும் கசடும் குழாயடியில் படியும். தேங்கிய நீரிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அது குழாயின் மேற்பகுதியில் அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கும். அழுகிய முட்டை நாற்றத்தால் அதை அறியலாம். ஆனால் அளவு மிகுந்தால் அந்த வாயுவே மோப்ப உணர்வை மழுங்கடித்துவிடும். அடைப்பெடுக்கக் குழிக்குள் இறங்கியவர், நாற்றம் போய்விட்டது என்று நம்பி மேலும் ஓரடி கீழே சென்றால் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் அப்படியே விழுவார். ஒரே குழியில் இருவர் மூவர் இறந்ததாக வரும் செய்திகளுக்குப் பின்னுள்ள காரணம் பெரும்பாலும் இதுதான்.

தற்காப்புச் சாதனமின்றிச் சாக்கடையிலோ மலத்தொட்டியிலோ ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1993 முதல் இவ்வாறு இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க 2014-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023-ல் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. இன்று தூர்வாரும் எந்திரங்களும் நீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் லாரிகளும் வந்துவிட்டன. ஒப்பந்தக்காரர்கள் வழியாக ஆட்களை இறக்குவது மட்டும் நிற்கவில்லை. பெயர்ப் பட்டியலில்கூட இல்லாத ஒரு கூலியாள் சாகும்போது, பொறுப்பேற்க ஒருவரும் முன்வருவதில்லை.

சுத்திகரிப்பு நிலையங்கள் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் உள்ளன. இங்கு மணல் நீக்கிய நீரில் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிரிகளைக் கொண்டு அழுக்கைத் தின்ன வைக்கிறார்கள். 1914-ல் மான்செஸ்டரில் கண்டறிந்த முறை இது. எஞ்சும் சேற்றைப் புளிக்கவைத்துக் கிடைக்கும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். 2019 முதல் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மேலும் தூய்மையாக்கித் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலை இயங்குகிறது.

2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பல, மலத்தொட்டிகளையும் கழிவுநீர் லாரிகளையுமே நம்பியிருந்தன. குழாய் பதிக்கும் பணி அங்கெல்லாம் தெருத் தெருவாக நடந்துவருகிறது.