சரிவும் சுமையும்: கண்டித் தேயிலைத் தோட்டங்களில் கர்ப்பகால இடுப்பு வளைய வலி

கர்ப்பகாலத்து இடுப்பு வளைய வலிக்குத் தரப்படும் அறிவுரைகள் எந்த நாட்டுக் கையேட்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஒற்றைக் காலில் நிற்காதீர்கள், படியேற்றத்தைக் குறையுங்கள், பாரம் தூக்காதீர்கள், கால்களை அகல விரிக்காதீர்கள், வலி முற்றும் முன்பே வேலையை நிறுத்தி உட்காருங்கள். இவை எல்லாமே சரியான அறிவுரைகள். ஆனால் கலஹாவிலோ தெல்தோட்டையிலோ கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி இவற்றில் ஒன்றைக்கூடத் தன் விருப்பத்தால் மட்டும் கடைப்பிடிக்க முடியாது. அவள் எப்படி நிற்பாள் என்பதை மலையின் சரிவும், எவ்வளவு சுமப்பாள் என்பதை நிறுவைத் தராசும், எப்போது உட்காருவாள் என்பதைக் கங்காணியும் தீர்மானிக்கிறார்கள். ஆகவே கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் இவ்வலியைச் சமாளிப்பது முதலில் வேலைப் பங்கீடு பற்றிய கேள்வி. தாயின் பழக்கவழக்கம் அதற்குப் பிறகே வருகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

வலியின் இடம் தெளிவாக வரையறுக்கப்பட்ட ஒன்று. விளேமிங் முதலானோர் 2008 இல் வெளியிட்ட ஐரோப்பிய வழிகாட்டல், இடுப்பெலும்பின் பின்மேல் விளிம்புக்கும் பிட்டத்தின் கீழ் மடிப்புக்கும் இடையில், குறிப்பாகத் திருவெலும்பு இடுப்பெலும்புகளோடு பொருந்தும் மூட்டுகளை ஒட்டி எழும் வலி என்று இதைக் கூறுகிறது. தொடையின் பின்புறம் வலி இறங்கலாம். முன்னே பூப்பெலும்பு இணைப்பிலும் சேர்ந்தோ தனித்தோ வரலாம். நிற்கவும் நடக்கவும் உட்காரவும் உள்ள தாங்குதிறன் குறைந்துபோவதையும் அந்த வரையறை உள்ளடக்குகிறது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேரிடம் இது காணப்படுகிறது என்பது அதே வழிகாட்டலின் மதிப்பீடு. ஐந்தில் ஒருவரைப் பிடிக்கும் ஒரு நோவைப் ‘பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்’ என்று அனுப்பிவிடுவது மருத்துவம் ஆகாது. பெரும்பாலானோருக்குப் பிரசவத்தின் பின் சில மாதங்களில் குறைந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஒரு சிறு பகுதியினருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது என்பதும் உண்மை.

காரணத்தைக் கேட்டால் உடனே வரும் பதில் ரிலாக்சின் என்னும் ஹார்மோன். அது மூட்டெலும்புகளைப் பிணைக்கும் இணையங்களைத் தளர்த்துகிறது, தளர்ந்த மூட்டு வலிக்கிறது என்பது கேட்க எளிதான விளக்கம். ஆனால் இரத்தத்தில் உள்ள ரிலாக்சின் அளவுக்கும் வலியின் கடுமைக்கும் உறுதியான தொடர்பை ஆய்வுகள் காட்டவில்லை. பூப்பெலும்பு இணைப்பின் இடைவெளி சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீற்றர். கர்ப்பத்தில் மேலும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் விரிகிறது. அந்த விரிவின் அளவும் வலியின் அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. திருவெலும்பு இரு இடுப்பெலும்புகளுக்கிடையே ஆப்புப் போல இறங்கியிருக்கிறது. அதை இறுக்கிப் பிடித்திருப்பவை இணையங்களும் வயிறு, முதுகு, பிட்டத் தசைகளும். தளர்வு எல்லாத் தாய்மாருக்கும் வருகிறது. தசைகள் அதை ஈடுசெய்ய முடியாதபடி சுமை ஒரு பக்கமாக விழும்போது நோவு தலைகாட்டுகிறது. இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், அந்தச் சுமை எங்கிருந்து வருகிறது என்று தேடவேண்டிய கடமையும் கூடவே வந்துவிடுகிறது. ஹார்மோன் விளக்கம் அந்தக் கடமையிலிருந்து எல்லோரையும் விடுவித்துவிடுவதால்தான் அது இவ்வளவு செல்வாக்கோடு இருக்கிறது என்பது என் எண்ணம்.

1867 இல் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலம் முதல், இந்த மலைகளில் செடி நிரைகளும் கான்கள் எனப்படும் நீர்வடிகால்களும் மண்ணையும் நீரையும் செடியையும் நினைத்தே அமைக்கப்பட்டன. ஒட்டுக்கன்றுத் தேயிலைக்கு வழங்கும் இடைவெளி நிரைக்கு நிரை 1.2 மீற்றர், செடிக்குச் செடி 0.6 மீற்றர். செடிகள் படர்ந்து மேல்மட்டம் மூடிக்கொண்ட பிறகு மிஞ்சும் வழியில் ஆறு மாதக் கர்ப்பிணி நேராக நடக்க இடமில்லை. உடலைத் திருப்பி, பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கிறாள். சரிவுக்குக் குறுக்கே நிற்கும்போது மேட்டுப்பக்கத்துக் கால் மடங்கியும் பள்ளத்துப்பக்கத்துக் கால் நீண்டும் இருக்கின்றன. இடுப்பு ஒரு பக்கம் உயர, உடலின் பாரம் பெரும்பாலும் ஒரு காலில் இறங்குகிறது. கான் குறுக்கிட்டால் ஒரு காலை அகல எட்டி வைத்தாக வேண்டும். பூப்பெலும்பு இணைப்பை இரு திசையில் இழுக்கும் அசைவு அதுதான். மழைக்காலத்தில் மண் வழுக்கும். வழுக்காமல் இருக்க உடல் இறுகும். நெற்றிக்கு மேல் கயிற்றில் தொங்கும் கூடை முதுகில் பாரமேற்ற, வயிறு முன்னுக்கு இழுக்க, இரண்டுக்கும் நடுவே நின்று சமன் பிடிப்பது நோவெடுத்த அந்த வளையம்தான். ஈரக் கொழுந்து மேலும் கனக்கிறது. நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறுவை. ஒவ்வொரு தடவையும் நிறைந்த கூடையோடு மலையிலிருந்து நிறுவை இடத்துக்கு நடை.

இறக்கத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும் என்பதால் எல்லோரும் ஏற்றத்துக்கே பரிவு காட்டுகிறார்கள். இடுப்பு வளையத்துக்கு அதிகச் சோதனை இறக்கம்தான். ஒவ்வொரு அடியிலும் முழு உடலின் பாரமும் கூடையின் பாரமும் ஒரு காலில் அதிர்ந்து விழுகின்றன.

எதிர்த்தரப்பு ஒன்றை இங்கே நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். கர்ப்பத்துக்கு முந்திய முதுகுவலியும் இடுப்பெலும்பில் பட்ட பழைய அடியுமே வலுவான முன்காரணிகள் என்று 2008 வழிகாட்டல் சொல்கிறது. கடின வேலை இந்த வலியை உண்டாக்குகிறதா என்பதில் சான்றுகள் முரண்படுகின்றன. எனவே மலைவேலைதான் நோயைத் தருகிறது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஸ்கண்டிநேவிய நாடுகளில் நடந்தவை. அங்கே ‘கடின வேலை’ எனப்பட்டதற்கும் நிறைந்த கொழுந்துக் கூடையோடு சரிவிறங்குவதற்கும் உள்ள தூரம் அதிகம். மேலும், தொடங்கிவிட்ட வலியை ஒற்றைக்கால் பாரமும் சமனில்லா நடையும் கூட்டுகின்றன என்பதில் இயன்மருத்துவரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அவர்கள் நோயைக் கண்டறியச் செய்யும் சோதனைகளில் ஒன்றே ஒற்றைக்காலில் நிற்கவைத்துப் பார்ப்பது. சோதனை மேசையருகில் சில நொடி செய்துபார்ப்பதை இவள் நாள் முழுதும் செய்கிறாள்.

வலி கூலியையும் தொடுகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் 16 முதல் 20 கிலோ வரை மாறும் அளவை எட்டினால்தான் முழுப்பேர், அதாவது முழுநாட்கூலி. எட்டாவிட்டால் பல இடங்களில் அரைப்பேர். 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்த நாட்சம்பளத்தில் பாதியை இழப்பது சிறிய இழப்பு ஆகாது. இதனால் நோவுள்ள பெண் வேகத்தைக் குறைப்பதில்லை, வலியை மறைக்கிறாள். 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், முந்திய ஓராண்டில் 150 நாள் வேலை செய்தவருக்கே நன்மையை உரித்தாக்குகிறது. வலியால் வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் குறையும் என்ற பயம் அவளை மறுபடியும் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, அனுப்புகிறது.

அதே சட்டத்தில் பாதுகாப்பும் இருக்கிறது. பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதங்களில், தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கு தரக்கூடிய வேலையில் அவளை அமர்த்தக்கூடாது என்கிறது அது. தீங்கான வேலை என்றால் மருந்து தெளிப்பும் கனமான மூட்டையும் மட்டுமே நினைவுக்கு வருவது வழக்கம். இடுப்பு வளைய வலி உறுதிசெய்யப்பட்ட தாய்க்குச் செங்குத்து மலையும் நிறைகூடையும் அந்தச் சொல்லுக்குள் அடங்க வேண்டும் என்பது என் வாசிப்பு. இன்னொரு குறையும் உண்டு. வலி பலருக்கு 18 ஆம் வாரத்தையொட்டித் தொடங்குகிறது; சட்டத்தின் மூன்று மாதம் தொடங்கும்போது 27 ஆம் வாரம் கடந்திருக்கும். இடையிலுள்ள இரண்டு மாதத்துக்கு ஏதாவது செய்யவேண்டும். சுவீடனில் உடலுழைப்பு வேலை செய்யும் கர்ப்பிணிக்கு மாற்று வேலை தர முடியாதபோது, பிரசவத்துக்கு 60 நாள் முன்பிருந்து அரசு கொடுப்பனவு வழங்குகிறது. நம் தோட்டங்களில் அந்த அளவுக்குப் பொருள்வளம் வேண்டியதில்லை. மாற்று வேலைகள் ஏற்கெனவே இருக்கின்றன: நாற்றுமேடை, பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பகம்), ரோட்டோரத்துத் தட்டையான மலை, நிறுவை இடத்துக்கு அருகிலுள்ள நிரைகள், கொழுந்தை இடையிலேயே வேறொருவர் வாங்கிச் செல்லும் ஏற்பாடு. தேவைப்படுவது, அந்த மாற்று வேலைக்கும் முழுப்பேர் விழும் என்ற உறுதி. அது இல்லாத மாற்று வேலை ஒரு தண்டனைதான்.

இதை யார் எழுதிக் கொடுப்பது? 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியில், வீட்டு வாசலுக்கே வரும் குடும்பநல மருத்துவமாது இந்நாட்டுக்குக் கிடைத்த பெரும் பேறு. இரத்த அழுத்தம், இரத்தச்சோகை, பிள்ளையின் வளர்ச்சி ஆகியவற்றில் அவர் கண் வைத்திருப்பதால்தான் பிரசவ மரணங்கள் இவ்வளவு குறைந்தன. அந்த முன்னுரிமையை யாரும் குலைக்கக்கூடாது. அதே வருகையில் இரண்டு சோதனைகளைச் சேர்க்கலாம் என்பதுதான் கோரிக்கை. தாயை மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் ஒரு குதிகாலை 20 சென்ரிமீற்றர் உயர்த்தச் சொல்வது ஒன்று. அது எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று அவள் சொல்வதை ஒவ்வொரு காலுக்கும் 0 முதல் 5 வரை குறிப்பது வழக்கம். ‘கால் தூக்க ஏலாம இருக்கு’ என்று பெண்கள் தாமாகவே சொல்லும் முறைப்பாட்டைத்தான் இது அளக்கிறது. மற்றது, இடுப்பில் 90 பாகை மடித்த தொடையின் வழியே மெதுவாகக் கீழ்நோக்கி அழுத்தி, பின்புறம் அதே பக்கத்தில் பழகிய வலி எழுகிறதா என்று பார்ப்பது. கருவி வேண்டாம். பிந்திய மாதங்களில் நீண்டநேரம் மல்லாந்திருக்க விடாமல் விரைவாக முடித்தால் போதும். தோட்டங்களில் தமிழ் பேசும் மருத்துவமாதர் போதாமல் இருப்பதால், சைகையால் செய்யக்கூடிய சோதனைக்குத் தனி மதிப்பு உண்டு. காய்ச்சல், சிறுநீர் எரிவு, இரத்தப்போக்கு, கால் மரத்துப் பலவீனப்படுதல், சிறுநீர் பிரியாமை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குதல் ஆகியன இருந்தால் இது வேறு நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் பேராதனைக்கோ கண்டிக்கோ அனுப்ப வேண்டும்.

காலை உயர்த்தும்போது மருத்துவமாது தன் இரு கைகளாலும் இடுப்பை இருபுறமும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் சிலருக்குக் கால் இலகுவாக எழும். அவர்களுக்குப் பட்டி உதவக்கூடும். பட்டி கட்டவேண்டிய இடம் வயிற்றைச் சுற்றியல்ல; தொடையெலும்பின் புடைப்புக்குச் சற்று மேலே, இடுப்பெலும்பைச் சுற்றி. கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்கும் முள்ளுக்கும் படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிப் பழகியவர்கள். அகலமாக மடித்த பழஞ்சேலைத் துண்டைச் சரியான உயரத்தில் கட்டக் காட்டினால் அவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். நடக்கும் நேரத்துக்கு மட்டும் கட்டினால் போதும். தசைக்கு மாற்றாக நாள்முழுதும் கட்டுவது நல்லதல்ல.

பயிற்சிக்குச் சான்று உண்டு, ஆனால் மிகைப்படுத்தக்கூடாது. எல்டன் குழுவினர் 2005 இல் சுவீடனில் 386 கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிட உறுதிப்படுத்தும் பயிற்சியும் அக்குபங்சரும் கூடிய பலன் தந்தன. அக்குபங்சர் சற்று முந்தியது. பேராதனைப் பல்கலைக்கழகம் இயன்மருத்துவப் பட்டதாரிகளை உருவாக்குகிறது. அவர்களின் களப்பயிற்சியில் ஒரு பகுதி தோட்டத்துக் கிளினிக்குகளில் நடக்கலாம். பயிற்சி எதுவாயினும் சமமான அசைவே நோக்கம். முழு ஓய்வு தசையை மேலும் தளர்த்தும். மருந்தில் பரசிட்டமோல் போதும். பாமசியில் எளிதாகக் கிடைக்கும் டைக்ளோபெனக் போன்றவற்றை 20 வாரத்துக்குப் பின் விழுங்குவது பிள்ளையின் சிறுநீரகத்தையும், கடைசி மாதங்களில் இதயத்தருகே உள்ள இரத்தக் குழாயையும் பாதிக்கக்கூடும்.

லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாழ்க்கையில் தாயின் கையில் இருப்பவை சில. பாயிலிருந்து எழும்போது முழங்கால்களைச் சேர்த்து, பக்கவாட்டில் உருண்டு, கையூன்றி எழுவது; படுக்கும்போது மடித்த சேலையை முழங்கால்களுக்கிடையே வைப்பது; முச்சக்கர வண்டியில் முதலில் அமர்ந்து பின் இரு கால்களையும் ஒருசேர உள்ளே எடுப்பது. தூரத்திலிருக்கும் குந்துமலகூடமும் விறகுக்கட்டும் தண்ணீர்க் குடமும் அவள் கையில் மட்டும் இல்லை. வீட்டாரிடம் மருத்துவமாது நேரே பேசவேண்டியவை அவை.

பிரசவத்தின்போது இந்த வலி தானாகவே சத்திரசிகிச்சைக்குக் காரணமாகாது. நோர்வேயில் செய்த ஆய்வுகள் சத்திரசிகிச்சை வலியிலிருந்து காப்பதாகக் காட்டவில்லை. வலி நீடிப்பதோடு அது தொடர்புற்றிருப்பதையே காட்டின. வலியின்றிக் கால்கள் எவ்வளவு விரிகின்றன என்பதைப் பிரசவத்துக்கு முன்பே அளந்து தாயின் பதிவேட்டில் எழுதிவைத்தால், பிரசவ அறையில் அந்த எல்லையைத் தாண்டாமல், ஒருக்களித்தோ முழங்காலிட்டோ பெற அவளுக்கு உதவலாம். கால்களை உயர்த்தவேண்டி வந்தால் இரண்டையும் ஒன்றாக உயர்த்த வேண்டும்.

கடைசியாகக் கவனிக்க வேண்டியது பிள்ளை பிறந்ததற்குப் பிந்திய மாதங்கள். மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின் 2018 திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுப்பு உண்டு. அது முடிந்த மறுநாள் அவள் மீண்டும் அதே மலையில், அதே கூடையோடு நிற்கிறாள். பூரணமாகத் தேறினாளா என்று யாரும் கேட்பதில்லை. ஸ்டூகே குழுவினர் நோர்வேயில் 81 தாய்மாரிடம் செய்து 2004 இல் வெளியிட்ட ஆய்வு, பிரசவத்துக்குப் பிந்திய 20 வாரப் பயிற்சி வலியையும் இயலாமையையும் கணிசமாகக் குறைத்ததைக் காட்டியது. வேலைக்குத் திரும்பும் வாரத்தில் மருத்துவமாது அந்தக் காலுயர்த்தும் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து, மதிப்பெண் இறங்காதவர்களுக்கு மேலும் இரண்டு மாதம் தட்டையான மலையும் அரைக்கூடையும் முழுப்பேரும் என்று தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். கலஹா, தெல்தோட்டை, ஹந்தானை, புசல்லாவைப் பக்கத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவொன்றில் இதை ஓராண்டு நடத்திப் பார்ப்பதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை.