பாலின ஹார்மோன்களும் இரத்த உறைவும்

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் இரத்தம் உறையும் இயல்பை மாற்றுவதையும், அதனால் நாளங்களில் இரத்தக்கட்டி உண்டாகும் அபாயத்தையும் குறித்த கட்டுரை இது. கர்ப்பம், பிரசவத்தை அடுத்த வாரங்கள், கருத்தடை மாத்திரை, மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை, மாதவிடாய் நின்றபின் தரப்படும் ஹார்மோன் சிகிச்சை ஆகிய நிலைகளில் இதற்கு முக்கியத்துவம் உண்டு.

செயல்படும் விதம்

ஈஸ்ட்ரோஜன் மிகும்போது ஃபைப்ரினோஜனும் 7, 8, 10 ஆம் உறைகாரணிகளும் இரத்தத்தில் கூடுகின்றன. உறைவுக்கு அணைபோடும் புரோட்டீன் எஸ் குறைகிறது. பிரசவத்தின்போது தாய் இரத்தம் இழந்து மடியாமல் காக்கும் ஏற்பாடு இது. அதே ஏற்பாடு சிலருக்குக் காலிலோ நுரையீரலிலோ மூளையிலோ கட்டியாக முடிகிறது.

தொடக்கம்

இரத்தத்தின் தேக்கம், நாளச் சுவரின் காயம், இரத்தத்தின் மாற்றம் ஆகிய மூன்றும் கட்டிக்குக் காரணம் என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோவின் பெயரால் வழங்குகிறது. செயற்கை ஈஸ்ட்ரோஜனான எத்தினைல் எஸ்ட்ரடையால் 1938இல் உருவாக்கப்பட்டது.

மாத்திரையும் எச்சரிக்கையும்

அமெரிக்காவில் 1960இல் கருத்தடை மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது. மறு ஆண்டே பிரிட்டன் மருத்துவர் டபிள்யூ. எம். ஜோர்டன், இம்மாத்திரையை வேறொரு நோய்க்காக உட்கொண்ட செவிலியர் ஒருவருக்கு நுரையீரலில் கட்டி உண்டானதை லான்செட் இதழுக்கு எழுதினார். 1968இல் இன்மன், வெஸ்ஸி, டால் ஆகியோரின் ஆய்வுகள் தொடர்பை உறுதிசெய்தன. ஈஸ்ட்ரோஜன் 50 மைக்ரோகிராமுக்கு மேற்படாத மாத்திரைகளையே எழுதித்தருமாறு 1969இல் பிரிட்டன் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. இந்தியாவின் மாலா-டி மாத்திரையில் உள்ளது 30 மைக்ரோகிராம். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 1991இல் ‘சஹேலி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் அறவே இல்லை.

டெசோஜெஸ்ட்ரல் போன்ற புரோஜெஸ்டின் கலந்த மூன்றாம் தலைமுறை மாத்திரைகளால் அபாயம் கூடுகிறது என்று 1995இல் பிரிட்டனில் எழுந்த சர்ச்சை முழுதாக ஓயவில்லை. ஐரோப்பிய மருந்து முகமையின் 2013ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஓராண்டில் 10,000 பெண்களில் மாத்திரை எடுக்காதோரில் 2 பேருக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த மாத்திரை எடுப்போரில் 5 முதல் 7 பேருக்கும், டெசோஜெஸ்ட்ரல் கலந்தது எடுப்போரில் 9 முதல் 12 பேருக்கும் கட்டி உண்டாகிறது.

பிரசவமும் மூளை நாள உறைவும்

இந்திய ஆவணங்கள் நிறைந்து கிடைப்பது இப்பகுதியில்தான். கர்ப்பிணிகளிடமும் பிள்ளைபெற்றோரிடமும் காணும் மூளை நாள உறைவு பற்றி கே. சீனிவாசன் 135 நோயாளிகளை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் டி. நாகராஜா குழுவினர் இதே நோயில் நெடுங்காலம் உழைத்தனர்.

நோய் பெரும்பாலும் இப்படித் தொடங்கும். பிரசவமாகி ஓரிரு வாரத்தில் தலைவலி வரும்; தூக்கமின்மை என்று வீட்டார் எண்ணுவர். வலி விடாது, வாந்தி வரும், பிறகு வலிப்பு வரும் அல்லது ஒரு கையும் காலும் துவளும். முன்னாளில் இவற்றுட் சில ‘ஜன்னி’ என்ற பெயரிலேயே முடிந்து, எந்தக் கணக்கிலும் ஏறாமல் போயிருக்கக்கூடும்.

பிரசவித்தவர் எல்லாருக்கும் ஹார்மோன் மாற்றம் பொதுவாக இருக்க, சிலருக்கு மட்டும் ஏன் கட்டி உண்டாகிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரத்தசோகை, நோய்த்தொற்று, ஹோமோசிஸ்டீன் மிகுதி ஆகியவை சுட்டப்படுகின்றன. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லி, பத்தியக் குழம்பும் பூண்டும் தாராளமாக வைத்துவிட்டு, வெந்நீரை மட்டும் நாலு மடக்கோடு நிறுத்தும் வழக்கமும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது. நீர் வற்றினால் இரத்தம் கெட்டிப்படும் என்பதால் இக்கூற்று பொருத்தமாகத் தோன்றுகிறது. இதன் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்து அளப்பது கடினம். பாலூட்டும் தாய்க்குத் தண்ணீர் தாராளமாகத் தர வேண்டும் என்பதில் மட்டும் மருத்துவரிடையே இரு கருத்து இல்லை.

ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையம் 2012இல் வெளியிட்ட, மூளை நாள உறைவு கண்ட 428 நோயாளிகளின் பதிவில் ஆண்கள் பாதிக்குச் சற்று மேல். பிரசவத்தை ஒட்டியவை பத்தில் ஒன்றளவு. கருத்தடை மாத்திரையோடு தொடர்புடையவை சுமார் 11 விழுக்காடு. பிரசவத்தை ஒட்டியவற்றின் பங்கு இவ்வளவு குறைவாக இருப்பதற்கு, மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகியதும் துணைநின்றிருக்கலாம்; தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன.

திருவிழாவும் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையும்

செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் ஊஞ்சல் உற்சவமும், மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழாவும் நடைபெறும். இத்தகைய திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் முன்னர் மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் நோரெத்திஸ்டிரோன் மாத்திரை வாங்குவது தமிழ்நாடெங்கும் உள்ள பழக்கம். நாளுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை விழுங்கும்போது அதில் ஒரு பகுதி உடலுக்குள் எத்தினைல் எஸ்ட்ரடையாலாக மாறுகிறது; அது 20 முதல் 30 மைக்ரோகிராம் கொண்ட கருத்தடை மாத்திரைக்கு ஈடு. சில நாளைக்குத்தானே என்று எண்ணப்படும் இம்மாத்திரையை, முன்பு கட்டி வந்தவரும் குடும்பத்தில் அந்நோய் உள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் எடுக்கலாகாது.

அண்மைக் காலம்

மாதவிடாய் நின்றபின் தரப்படும், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த சிகிச்சை இரத்தக்கட்டி அபாயத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவதை அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வு 2002இல் காட்டியது. தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜனுக்கு அவ்வபாயம் குறைவு எனப் பிரெஞ்சு ஆய்வுகள் காட்டுகின்றன. 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் பெற்ற ஆண்களிடம் நுரையீரல் இரத்தக்கட்டி சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது.