போனில் மெமரி ‘பேஜ்’ 4 கேபியிலிருந்து 16 கேபி ஆவது ஏன்? பழைய ஆப்களுக்கு என்ன சிக்கல்? எளிய விளக்கம்

புது போன் வாங்கி, பழைய போனில் இருந்த ஆப்களை எல்லாம் மாற்றியாச்சு. எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஒரே ஒரு ஆப் மட்டும் திறந்ததும் மூடிக்கொள்கிறது. ரேம் நிறைய இருக்கு, ஸ்டோரேஜும் காலியாக இருக்கு. அப்புறம் என்னதான் பிரச்னை?

இனி வரும் போன்களில் இதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடியது ‘மெமரி பேஜ்’ அளவு. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15 மற்றும் அதற்கு மேற்பட்ட பதிப்புகளை இலக்காகக் கொண்டு பிளே ஸ்டோருக்கு வரும் புதிய ஆப்களும் அப்டேட்களும் 16 கேபி பேஜ் அளவுக்கு ஒத்துப்போக வேண்டும் என்று கூகுள் விதி வைத்தது. அது என்ன 16 கேபி? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

மெமரி பேஜ் என்றால் என்ன?

ஒரு ஆப் ஓடும்போது அதற்கு ரேமில் இடம் தேவை. ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த இடத்தை ஒவ்வொரு பைட்டாக அளந்து கொடுப்பதில்லை. ஒரே அளவுள்ள துண்டுகளாகத்தான் கொடுக்கும். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் பேஜ். நீண்ட காலமாக பெரும்பாலான கம்ப்யூட்டர்களிலும் ஆண்ட்ராய்டு போன்களிலும் இதன் அளவு 4 கேபி, அதாவது 4,096 பைட். 1985-ல் வந்த இன்டெல் 386 சிப்பிலும் இதே அளவுதான்.

அப்போது கம்ப்யூட்டரில் சில எம்பி மெமரி இருந்தாலே பெரிய விஷயம். இன்று கையில் இருக்கும் போனிலேயே 8 ஜிபி, 12 ஜிபி. ஒரு ஜிபி ரேமை 4 கேபி துண்டுகளாகப் பிரித்தால் 2,62,144 பேஜ்கள் வரும். எந்த பேஜ் ரேமில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைக்க வேண்டும். அந்தக் கணக்குப் புத்தகம்தான் ‘பேஜ் டேபிள்’.

மளிகைக் கடை உதாரணம்

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி விற்கும் பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அண்ணாச்சிக்கு மனப்பாடம். கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஞாபகத்தில் இல்லாத பொருளைக் கேட்டால் ஸ்டாக் நோட்டைப் புரட்ட வேண்டும். வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

பிராசஸரிலும் இதே கதைதான். அண்ணாச்சியின் ஞாபகம் போல அதற்குள் ‘டிஎல்பி’ என்ற சின்ன நினைவுப் பகுதி உண்டு. சமீபத்தில் பயன்படுத்திய பேஜ்களின் முகவரி அதில் இருக்கும். முகவரி அங்கே இல்லாவிட்டால், பிராசஸர் பேஜ் டேபிளில் படிப்படியாகத் தேட வேண்டும். வழக்கமான 64 பிட் கம்ப்யூட்டர்களில் இது நான்கு படி. ஒரு தடவை என்றால் தெரியாது. நொடிக்கு லட்சக்கணக்கில் நடந்தால் வேகம் குறையும்.

2015-ல் வந்த இன்டெல் ஸ்கைலேக் பிராசஸரை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டாம் நிலை டிஎல்பியில் 1,536 முகவரிகளுக்கு இடம். 4 கேபி பேஜ் என்றால் அது 6 எம்பி மெமரிக்கு மட்டுமே போதும். அதே இடத்தில் 2 எம்பி பேஜ்களின் முகவரிகளை வைத்தால் 3 ஜிபி வரை எட்டும். ஞாபக சக்தி கூடவில்லை, டப்பாதான் பெரிதானது. பெரிய பேஜின் ரகசியம் இவ்வளவுதான்.

சர்வர்களில் ஏற்கெனவே இருக்கு

இது இன்று முளைத்த யோசனை இல்லை. லினக்ஸில் 2 எம்பி, 1 ஜிபி அளவிலான ‘ஹியூஜ் பேஜ்’ வசதி பல ஆண்டுகளாக உண்டு. ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்கள் இதைப் பயன்படுத்துகின்றன. ஜாவா புரோகிராம்களிலும் ஒரு செட்டிங் மூலம் பெரிய பேஜ் கேட்க முடியும். புரோகிராம் கேட்காமலேயே சிஸ்டம் பெரிய பேஜ் கொடுக்கும் வசதி 2011-ல் லினக்ஸ் 2.6.38 பதிப்பில் வந்தது.

ஆப்பிளும் தனது 64 பிட் ஐபோன்களிலும், எம்1 முதலான சிப் உள்ள மேக் கம்ப்யூட்டர்களிலும் 16 கேபி பேஜைத்தான் பயன்படுத்துகிறது.

போனுக்கு என்ன லாபம்?

16 கேபிக்கு மாறியபோது கிடைத்ததாக கூகுள் சொல்லும் கணக்கு இது:

* ரேம் நெருக்கடியில் இருக்கும்போது ஆப் திறக்கும் நேரம் சராசரியாக 3.16% குறைவு. சில ஆப்களில் 30% வரை.
* ஆப் திறக்கும்போது செலவாகும் மின்சாரம் சராசரியாக 4.56% குறைவு.
* போன் ஆன் ஆகும் நேரம் சுமார் 8% குறைவு.

அப்போ நஷ்டமே இல்லையா?

இருக்கு. அரைக் கிலோ மிளகுக்கு ஒரு பெரிய டிரம் ஒதுக்கினால் மீதி இடம் வீண்தானே? ஒரு ஆப்புக்கு 5 கேபிதான் தேவை என்றாலும் 16 கேபி பேஜ் முழுசாக அதற்குப் போய்விடும். மீதி 11 கேபியை வேறு யாரும் தொட முடியாது. அதனால் ரேம் செலவு சற்றுக் கூடும் என்பதை கூகுளே ஒப்புக்கொள்கிறது.

சர்வர்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் தன் டேட்டாவை டிஸ்க்கில் சேமிக்கும்போது, இடையில் மாறும் பேஜ்களை மட்டும் நகலெடுக்கும். பேஜ் 2 எம்பியாக இருந்தால், ஒரு சின்ன மாற்றத்துக்கும் 4 கேபிக்கு பதில் 2 எம்பி நகலாகும். அதாவது 512 மடங்கு. அதனால்தான் தானாகப் பெரிய பேஜ் கொடுக்கும் வசதியை அணைத்து வைக்கும்படி ரெடிஸ் பரிந்துரைக்கிறது. எல்லா இடத்திலும் பெருசு நல்லது என்று சொல்லிவிட முடியாது.

எந்த ஆப்களுக்குச் சிக்கல்?

முழுக்க ஜாவா அல்லது காட்லினில் எழுதப்பட்ட ஆப்களுக்கு பொதுவாகக் கவலை இல்லை. சி, சி++ மொழியில் எழுதிய பகுதிகள் உள்ள ஆப்கள்தான் கவனிக்க வேண்டியவை. கேம்கள், வீடியோ எடிட்டிங் ஆப்கள் பலவும் இந்த வகை. அந்தப் பகுதிகள் 4 கேபி எல்லைக்கு ஏற்ப அடுக்கப்பட்டிருந்தால், 16 கேபி போனில் லோடு ஆகாமல் போகலாம். சில புரோகிராம்களில் பேஜ் அளவை சிஸ்டத்திடம் கேட்காமல் 4096 என்று நேரடியாக எழுதி வைத்திருப்பார்கள். அங்கேயும் கணக்கு தப்பும்.

ஆப் தயாரிப்பவர்கள் அந்தப் பகுதிகளை மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு என்டிகே ஆர்28 முதல் 16 கேபி அடுக்கு தானாகவே கிடைக்கிறது. உண்மையான தலைவலி வேறு இடத்தில். வெளியாரிடம் வாங்கிய லைப்ரரியைத் தந்தவர் அதை அப்டேட் செய்யாமல் விட்டால், சின்ன டீம் வைத்திருக்கும் டெவலப்பர் மாற்று தேட வேண்டியதுதான். தயாரித்தவரே கைவிட்ட ஆப்கள் அப்படியே நின்றுபோகும்.

பயனாளர்கள் என்ன செய்யணும்?

இப்போது கையில் இருக்கும் 4 கேபி போனுக்கு எந்த ஆபத்தும் இல்லை. 16 கேபிக்காகத் தயாரான ஆப்கள் அதிலும் ஓடும். ஆப்களை அப்டேட் செய்து வைத்திருந்தால் போதும்.

16 கேபி போனில், பழைய ஆப்பை ஓட்டிப் பார்க்க ஆண்ட்ராய்டு 16-ல் ஒரு இணக்க வசதி இருக்கிறது. அப்போது எச்சரிக்கை ஒன்று திரையில் வரும். அதைப் பார்த்தால் போன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆப்புக்குத்தான் அப்டேட் தேவை.

பிக்சல் 8 போன்ற சில போன்களில் டெவலப்பர் ஆப்ஷனுக்குள் 16 கேபிக்கு மாற்றும் பட்டன் உண்டு. அது சோதனைக்காக வைத்தது, மாற்றினால் போனில் உள்ள டேட்டா அழிந்துவிடும். ஆர்வத்தில் அழுத்திவிடாதீர்கள்.

பல ஆண்டுகளாக ஓடும் ஒரு பழைய ஆப்பில் குடும்பக் கணக்கோ குறிப்புகளோ சேர்த்து வைத்திருக்கிறீர்களா? அதற்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று பிளே ஸ்டோரில் ஒருமுறை பாருங்கள். ரொம்ப நாளாகியிருந்தால், புது போனுக்கு மாறும் முன்பே அதிலுள்ள டேட்டாவை வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.