வாசற்படியும் பாற்குடமும்: அயர்லாந்தின் பிரிஜிட் திருநாள்

அயர்லாந்தில் பிப்ரவரி 1 வசந்தத்தின் முதல் நாள். வெளியே எட்டிப் பார்த்தவர் நம்பமாட்டார். ஈரக்காற்று வீசும், மரங்களில் இலை இருக்காது, மாலை ஐந்து மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஆனால் இந்த நாளைக் குறித்துவைத்த பழைய இடையர்கள் பார்த்தது சினைச் செம்மறியின் மடியை. குளிர்காலம் முழுக்கப் பால் வற்றிக் கிடந்த வீட்டில், ஆடு மடி விட்டால் பட்டினி முடியப்போகிறது என்று பொருள். பழைய ஐரிஷ் மொழியில் இந்தப் பருவநாளுக்கு இம்போல்க் என்று பெயர்.

அதே நாள்தான் கில்டேர் மடத்தை நிறுவிய புனித பிரிஜிட்டின் திருநாளும். பிரிஜிட் என்றொரு தேவதை இருந்தாள், திருச்சபை அவளுக்கு முக்காடு போட்டுப் புனிதையாக்கிவிட்டது என்று பலரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சான்றுகளை எழுதப்பட்ட வரிசையில் அடுக்கினால் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை.

முதலில் கிடைப்பவள் புனிதைதான். 7-ஆம் நூற்றாண்டில் கோகிடோசஸ் என்ற துறவி லத்தீனில் அவள் வரலாற்றை எழுதினார். ஆண்களும் பெண்களும் தடுப்புச்சுவரின் இரு புறமும் நின்று வழிபட்ட பெரிய தேவாலயம், பீடத்தின் இருபக்கமும் பிரிஜிட்டுக்கும் ஆயர் கொன்லெத்துக்கும் அலங்காரக் கல்லறைகள், மேலே தொங்கும் பொன் வெள்ளி முடிகள், பிப்ரவரி 1-இல் திரளும் கூட்டம் என்று கில்டேரை அவர் வருணிக்கிறார். தன் மடத்தின் பெருமையை நிலைநாட்ட எழுதியவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் அவர் சொல்லும் அற்புதங்கள் அடுப்படியையும் தொழுவத்தையும் விட்டு அதிகம் நகர்வதில்லை. ஏழைகளுக்கு வாரிக் கொடுத்த வெண்ணெய் மறுபடி நிறைகிறது. ஒரே பசு ஒரே நாளில் மூன்று முறை கறக்கிறது.

இன்னொரு பழைய லத்தீன் வரலாறு அவள் பிறப்பைச் சொல்கிறது. அடிமைப் பெண்ணான தாய், விடியலில் கறந்த பாலோடு வீடு திரும்புகிறாள். ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே இருக்கும்போது பிள்ளை பிறக்கிறது. அந்த வெதுவெதுப்பான பாலிலேயே குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள். அவர்கள் இருந்த மந்திரக்கார துரூயித் வீட்டுச் சோறு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காது சிவந்த வெள்ளைப் பசுவின் பால்தான் தங்கியது. பாலும் வாசற்படியும் இங்கே கைகோத்துவிட்டன.

தேவதையை எழுத்தில் காண 900-ஐ ஒட்டிய காலம்வரை காத்திருக்க வேண்டும். 908-இல் இறந்த காஷல் அரசரும் ஆயருமான கொர்மக் தொகுத்ததாகச் சொல்லப்படும் சொற்களஞ்சியம், தக்தா என்ற தெய்வத்தின் மகளான பிரிஜிட்டைப் புலவர்கள் தொழுத தெய்வம் என்கிறது. மருத்துவத்துக்கும் கொல்வேலைக்கும் அதே பெயரில் இரு சகோதரிகளாம். இம்போல்க் என்ற சொல்லை ‘ஆட்டுப்பால்’ என்று பிரித்துக் காட்டுவதும் அதே நூல்தான். அது ஒலியை வைத்துச் சொன்ன விளக்கம். மொழியியலாளர் எல்லோரும் ஏற்பதில்லை. தேவதையே இல்லை என்று நான் வாதிடவில்லை. ரோமானியர் காலத்து வட பிரிட்டன் கல்வெட்டுகளில் பிரிகந்தியா என்ற பெண் தெய்வம் உண்டு. பெயரின் வேர் ஒன்றுதான். ஆனால் அந்தத் தெய்வத்துக்குப் பிப்ரவரியில் விழா எடுத்ததற்குச் சான்று இல்லை.

1180-களில் அயர்லாந்தைச் சுற்றிய வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, கில்டேரில் அணையாத் தீயைப் பற்றி எழுதினார். 19 கன்னியர் முறைவைத்துக் காத்தார்கள். இருபதாம் இரவு பிரிஜிட்டே வந்து காப்பாளாம். சுற்றியிருந்த வேலியை ஆண்கள் தாண்டக்கூடாது. 16-ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது கில்டேர் மடமும் போயிற்று.

வீட்டுச் சடங்குகளைப் பற்றிய எழுத்து அதன் பிறகே பெருகுகிறது. கோரையில் பின்னும் பிரிஜிட் சிலுவை கற்காலச் சூரியச் சின்னம் என்று கடைகளில் சீட்டு ஒட்டி விற்கிறார்கள். அதைப் பற்றிய எழுத்துச் சான்று 17-ஆம் நூற்றாண்டுக்கு அப்பால் போவதில்லை. அதற்கு முன் யாரும் பின்னவில்லை என்று இதற்குப் பொருளில்லை. குடிசை வாசலைப் பார்த்து எழுத அதுவரை ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்படிப் பார்த்து எழுதியது 1935-இல் தொடங்கிய ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம். 1942-இல் இந்தத் திருநாளுக்கென்றே வினாநிரல் அனுப்பிப் பதில் திரட்டியது. அல்ஸ்டர் பகுதியில் நடந்த சடங்கு ஒன்று: ஜனவரி 31 இருட்டும் வேளை. வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி கோரைக்கட்டோடு வெளியே நிற்கிறாள். கோரையைக் கையால்தான் பிடுங்கியிருக்க வேண்டும், கத்தி படக்கூடாது. முழந்தாளிடுங்கள், கண்ணைத் திறங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள் என்று மூன்று முறை குரல் கொடுக்கிறாள். உள்ளே இருப்பவர்கள் வரவேற்றுக் கதவைத் திறக்கிறார்கள். கட்டு மேசைக்கடியில் போகிறது. மசித்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் தின்ற பிறகு, அதே கோரையில் சிலுவை பின்னிக் கதவுக்கு மேலும் தொழுவத்திலும் செருகுவார்கள். வெளியே ஒரு துணி கிடக்கும்; இரவில் பிரிஜிட் தொட்டுப் போவாள் என்று நம்பிக்கை. கன்று ஈனத் தவிக்கும் பசுவின் முதுகில் பின்னர் அதைப் போர்த்துவார்கள். மறுநாள் ராட்டையோ வண்டியோ, சக்கரம் எதுவும் சுழலக்கூடாது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நின்ற அந்தத் தாயின் நினைவு எனக்கு இங்கே வராமல் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு லத்தீன் வரலாறு தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. கதையிலிருந்து சடங்கா, சடங்கிலிருந்து கதையா என்று அறுதியிட முடியாது.

20-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோரைச் சிலுவை ஐரிஷ் தொலைக்காட்சியின் சின்னமாயிற்று. 1993-இல் கன்னியர் கில்டேரில் தீயை மறுபடி ஏற்றினார்கள். 2023 முதல் அரசு விடுமுறையும் உண்டு. ஒரு பெண்ணின் பெயரில் அந்நாட்டுக்கு அதுவே முதல். பிப்ரவரியின் முதல் திங்கள் என்பது விதி; 1-ஆம் தேதி வெள்ளியில் விழுந்தால் மட்டும் அன்றே. எனவே முதல் விடுமுறை பிப்ரவரி 6-இல் வந்தது, திருநாள் கழிந்து ஐந்து நாளுக்குப் பிறகு. வானிலைத் துறையோ இன்றும் வசந்தத்தை மார்ச் 1-இலிருந்துதான் கணக்கிடுகிறது.