சிறுநீரகம் தப்பியது, நுரையீரல் மாட்டியது

1753-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் கார்லோ குர்சியோ, உடம்புத் தோல் முழுக்கக் கட்டை போல இறுகிப்போன ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். ஸ்க்ளீரோடெர்மா நோயின் முதல் விரிவான பதிவாக இதைத்தான் சொல்கிறார்கள். பெயரிலேயே தோல் இருப்பதாலோ என்னவோ, ரொம்ப காலம் இது தோல் நோயாகவே பார்க்கப்பட்டது.

ஆனால் ஆளைக் கொன்றது தோல் அல்ல. பெரும்பாலும் சிறுநீரகம்தான். ரத்த அழுத்தம் திடீரென எகிறும், சில வாரங்களில் கிட்னி நின்றுவிடும். அதற்கு வழி காட்டியது ஒரு பாம்பு! பிரேசில் நாட்டு விரியனின் விஷத்தை ஆராய்ந்தபோது கிடைத்த துப்பை வைத்து 1970களில் கேப்டோபிரில் என்ற மருந்து உருவானது. 1990-ல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வு ஒன்றில், கிட்னி பாதித்தவர்களில் இவ்வகை மருந்து எடுக்காமல் ஒரு வருடம் தாண்டியவர்கள் 15 சதவீதம். எடுத்துக்கொண்டவர்களில் 76 சதவீதம்.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. கிட்னியால் சாவது குறையக் குறைய, நுரையீரல் முன்னுக்கு வந்தது. ஒரு பக்கம் நுரையீரலே தழும்பாகி இறுகுவது. இன்னொன்று, அதன் ரத்தக் குழாய்கள் உட்சுவர் தடித்துச் சுருங்குவது. அந்தக் குறுகிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் வலது பக்கம் ஓய்ந்துபோகும். இந்த அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு நோயாளிக்கு வருகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பி.பி. நார்மலாகவே இருக்கும். இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தித்தான் உறுதிப்படுத்த வேண்டும். 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், மேலதிகாரி தடுத்தும் கேட்காமல் தன் கை நரம்பு வழியாகவே குழாயை ஏற்றிக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படம் எடுத்துக்கொண்டாரே, அதே வித்தைதான். (1956-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.)

மருந்து? 2000-ல் 111 ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளிடம் எபோபுரோஸ்டெனால் சோதிக்கப்பட்டது. உடம்பில் சில நிமிடங்களே தங்கும் மருந்து இது. எனவே இரவு பகலாகப் பம்ப் வைத்துச் செலுத்த வேண்டும். 12 வாரத்தில் நடக்கும் தூரம் கூடியது. ஆயுள் கூடியதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. பிறகு போசென்டான், சில்டெனாஃபில் (ஆமாம், வயாக்ராவேதான்) என்று மாத்திரைகள் வந்தன.

முன்பெல்லாம் மாடிப்படியில் மூச்சு வாங்கினால் வயசு, ரத்தசோகை என்று விட்டுவிடுவார்கள். கண்டுபிடிக்கும்போது இதயம் பாதி தளர்ந்திருக்கும். அதனால்தான் இப்போது மூச்சுத் திணறலே இல்லாத ஸ்க்ளீரோடெர்மா நோயாளிக்கும் வருடம் ஒருமுறை எக்கோவும் மூச்சுப் பரிசோதனையும் செய்யச் சொல்கிறார்கள். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 25-ஐத் தொட்டால்தான் நோய் என்றிருந்த பழைய கணக்கையும், 2018-ல் நீஸ் நகரில் கூடிய நிபுணர்கள் 20-க்கு மேல் போனாலே என்று இறக்கிவிட்டார்கள்.